ஒசாகாவில் மூடிய பள்ளியும் கோவாவில் தோற்ற வழக்கும்: மொழி ஆசிரியர் தொழிலாளியா?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஏதோ ஒரு தொழிற்சாலையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு பேர். ஒருவர் லைனில் நின்று கார் கதவு மாட்டுகிறார். இன்னொருவர் ஷிப்ட் முடிந்த பிறகு, பயிற்சி அறையில் அதே ஆட்களுக்குக் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கிறார். இவர் பக்கத்து ஊர் மொழிப் பயிற்சி மையம் ஒன்றின் ஊழியர். இரண்டு பேருக்கும் மூணு மாசமாகச் சம்பளம் வரவில்லை. நாலாவது மாசம் "நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள் என்று வையுங்கள். இரண்டு பேர் கையிலும் அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடந்தது ஒரே அநியாயம்.

முதல் ஆளுக்குப் போக ஒரு வாசல் உண்டு. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர், அங்கே தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். செலவு குறைவு, சட்டம் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது ஆள் அதே வாசலுக்குப் போனால், "நீங்க தொழிலாளி இல்லையே" என்று திருப்பி அனுப்பச் சட்டப்படி இடம் இருக்கிறது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை. தேடல் டெல்லி, பெங்களூர், கோவா என்று சுற்றி, நடுவில் ஜப்பான் வரைக்கும் போய் வந்தது. ஒரு மொழிப் பள்ளி விழுந்தால் என்னென்ன நடக்கும் என்பதை முழுசாகக் காட்டிய சம்பவம் அங்கேதான் நடந்தது. ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால் நம்ம ஊர் நிலவரம் கொஞ்சம்.

சாலையும் மொழிகளும்

ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1996-ல் தொடங்கப்பட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகம் செய்யும் கொரிய கம்பெனிகள் வரிசையாக வந்தன. 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். வல்லம் வடகால் பக்கம் யமஹா. இருபத்தைந்து வருடத்துக்குள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைப் பலகைகளில் கொரிய எழுத்து ஏறிவிட்டது.

கம்பெனி வந்தால் மொழி வரும். மொழி வந்தால் அதைச் சொல்லிக்கொடுப்பவர் வருவார். சென்னையில் 2006-லிருந்து இன்கோ மையம் கொரிய வகுப்புகள் நடத்துகிறது. ஜப்பானிய மொழிக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் இருக்கிறது. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு எழுத ஜூலையிலும் டிசம்பரிலும் ஒரு கூட்டமே கிளம்புகிறது. 2017-ல் இந்தியாவும் ஜப்பானும் தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டன. 2021-ல் 'குறிப்பிட்ட திறன் பெற்ற பணியாளர்' ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு டிப்ளமோ முடித்த பையன்களும் நர்சிங் முடித்த பெண்களும் "என்-4 முடிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொள்வது சாதாரணமாகிவிட்டது.

மேலே சொன்னவை பெயர் பெற்ற, லாப நோக்கம் இல்லாத அமைப்புகள். இவற்றுக்குக் கீழே சின்னச் சின்னப் பயிற்சி மையங்களின் உலகம் ஒன்று உண்டு. மாடியில் இரண்டு அறை, ஒரு வெள்ளைப் பலகை, மணிக்கணக்குச் சம்பளத்தில் ஆசிரியர்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வியாபாரத்தின் அமைப்பைக் கவனியுங்கள். பணம் முன்கூட்டியே வந்துவிடும், பாடம் பிறகுதான் நடக்கும். மெஷின் கிடையாது, சரக்கு கிடையாது, இடம் வாடகை. நிர்வாகம் தடுமாறினால் கட்டட உரிமையாளர் பூட்டுப் போடுவார், மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும். இவர்களை இழுத்தடிக்க முடியாது. இழுத்தடிக்க முடிகிற ஒரே செலவு ஆசிரியர் சம்பளம். அதனால் முதலில் நிற்பது அதுதான்.

இதை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஒசாகாவுக்குப் போக வேண்டும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே வெளிநாடு

நோவா. 1981-ல் ஒசாகாவில் நோசோமு சாஹாஷி என்பவர் தொடங்கிய ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிப் பள்ளி. 'ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே வெளிநாட்டுப் படிப்பு' என்பதுதான் அவர்கள் விளம்பரத்தின் சாரம். சொன்னபடியே ஜப்பான் முழுக்க ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் கிளை திறந்தார்கள். 1996-ல் பங்குச்சந்தையில் ஏறியது. இளஞ்சிவப்பு முயல் ஒன்று அதன் சின்னம், டிவியைப் போட்டால் அதுதான். உச்சத்தில் 900-க்கும் மேற்பட்ட கிளைகள், நாலு லட்சத்துக்கும் மேல் மாணவர்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள். பெரும்பாலும் அப்போதுதான் காலேஜ் முடித்த இளைஞர்கள்.

பணம் வந்த வழி இது. மாணவர் பாடங்களை மொத்தமாக 'புள்ளிகள்' என்று வாங்க வேண்டும். நிறைய வாங்கினால் விலை குறையும். 600 பாடம் ஒரேயடியாக வாங்கினால் பாடம் ஒன்றுக்கு 1,200 யென். நல்ல டீல் மாதிரி இருக்கும். பாதியில் "போதும், மீதிப் பணத்தைக் கொடுங்க" என்று கேட்டால்தான் கணக்கு மாறும். "நீங்க படிச்சது 300 சொச்சம்தானே, அதுக்கு 1,750 யென் வீதம் கழிச்சுக்கறோம்" என்பார்கள். வாங்கும்போது ஒரு விலை, திருப்பும்போது வேறு விலை.

மாணவர் ஒருவர் விடவில்லை. வழக்கு மேலே மேலே போய், 2007 ஏப்ரல் 3-ம் தேதி ஜப்பான் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கு முறை செல்லாது என்று சொல்லிவிட்டது. ஜூன் மாதம் பொருளாதார, வர்த்தக, தொழில் அமைச்சகம் நடவடிக்கை எடுத்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட புது ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்குப் போடக்கூடாது என்று தடை.

புதுசாக வரும் முன்பணத்தில் பழைய செலவைச் சமாளித்துக்கொண்டிருந்த கம்பெனி அது. ஒரு பக்கம் புதுப் பணம் நின்றது. மறுபக்கம், தீர்ப்பைக் கேட்ட பழைய மாணவர்கள் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். நம்ம ஊர் சீட்டுக் கம்பெனி கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தக் கோடையில் ஜப்பானிய ஊழியர்கள் சம்பளம் தாமதமானது. செப்டம்பரில் வெளிநாட்டு ஆசிரியர்கள் முறை. அக்டோபரில் சம்பளமே வரவில்லை. இதிலும் மோசமான ஒன்று பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் பலர் கம்பெனி ஏற்பாடு செய்த வீட்டில்தான் இருந்தார்கள். வாடகையை மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போகவில்லை. ஒருநாள் கதவைத் தட்டி "வாடகை பாக்கி, காலி பண்ணுங்க" என்று சொன்னபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. வேலை, சம்பளம், வீடு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்ததால் மூன்றும் சேர்ந்தே அறுந்தன. நம்ம சிப்காட் பக்கம் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அமைப்பு அதேதான்.

2007 அக்டோபர் 25 இரவு நிர்வாகக் குழு கூடி சாஹாஷியைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. மறுநாள் ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டு மனு. எல்லாக் கிளைகளும் மூடல். கடன் 4,000 கோடி யென்னுக்கும் மேல். சில நாளில், நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்கள் சாஹாஷியின் ஒசாகா அலுவலகத்தைப் பத்திரிகையாளர்களுக்குத் திறந்து காட்டினார்கள். உள்ளே தேநீர்ச் சடங்கு அறை, குளியலறை எல்லாம் இருந்தது. சம்பளம் கிடைக்காதவர்கள் அதை டிவியில் பார்த்தார்கள்.

ஆசிரியர் சங்கங்கள் ஒரு ஏற்பாடு செய்தன. "சாப்பாடு கொடுங்கள், பாடம் நடத்துகிறோம்." கேட்க வேடிக்கையாக இருக்கும். கையில் காசில்லாமல் அயல்நாட்டில் நின்றவர்களுக்கு அது வேடிக்கை இல்லை. குவான்டாஸ் விமானக் கம்பெனி, ஊர் திரும்ப நினைத்த ஆஸ்திரேலிய ஆசிரியர்களுக்குச் சலுகைக் கட்டணம் அறிவித்தது.

நவம்பரில் நகோயாவைச் சேர்ந்த ஜி.கம்யூனிகேஷன் என்ற நிறுவனம் நோவாவின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. மாத இறுதியில் பழைய நோவா கம்பெனி திவால் நடைமுறைக்குள் போனது. 2008 ஜூனில் சாஹாஷி கைதானார். ஊழியர்கள் தங்கள் நலனுக்காகச் சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து 32 கோடி யென் எடுத்து, மாணவர்களுக்குப் பணம் திருப்பப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. 2009-ல் மூன்றரை வருடச் சிறை, மேல்முறையீட்டில் இரண்டு வருடமாகக் குறைந்தது.

கடைசி வலை ஒன்று இருந்தது

நோவா ஆசிரியர்கள் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. காரணம் ஒரு பழைய சட்டம். 1976-லிருந்தே ஜப்பானில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கம்பெனி திவாலானால், வராத சம்பளத்தில் 80 சதவீதம் வரைக்கும், ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு அமைப்பு முன்னே நின்று கொடுத்துவிடும். பிறகு அது கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். நோவா ஆசிரியர்களும் இந்த வழியில் விண்ணப்பித்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் அவர்களிடம் "நீ லைனில் வேலை பார்த்தாயா, வகுப்பில் பாடம் எடுத்தாயா?" என்று கேட்கவில்லை. கூலிக்கு வேலை செய்தாயா என்று மட்டும் கேட்டது.

ஜப்பான் சொர்க்கம் என்று சொல்ல முடியாது. ஆசிரியர்களின் வேலை நேரத்தை ஒப்பந்தத்தில் வாரம் 29.5 மணி என்று எழுதுவது அங்கே மொழிப் பள்ளிகள் நடுவே பழகிப்போன தந்திரம். 30-ஐத் தொட்டால் சமூகக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்வார்களோ என்ற பயம். அந்த அரை மணி நேரத்துக்காகச் சங்கங்கள் பல வருடம் சண்டை போட்டன. நோவா விழுந்து மூன்று வருடத்துக்குள், 2010 ஏப்ரலில், ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய மொழிப் பள்ளியும் ஜப்பானில் திவாலானது. பாடம் அப்படியொன்றும் நன்றாகப் படிக்கப்படவில்லை.

இப்போது கேள்வியை இங்கே கொண்டு வருவோம். இதே மாதிரி ஒரு பள்ளி நம்மிடையே மூடினால், ஆசிரியர் எந்த வாசலில் ஏறுவார்?

டெல்லி பஸ் டிரைவரிலிருந்து பெங்களூர் குடிநீர் வரை

1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்துக்குள் நுழைய இரண்டு சாவி வேண்டும். வேலை செய்யும் இடம் 'தொழில்' ஆக இருக்க வேண்டும். வேலை செய்பவர் 'தொழிலாளி' ஆக இருக்க வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் கதவு திறக்காது.

முதல் சாவிக்கான சண்டை டெல்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது. மாணவிகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டிய டிரைவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் தகராறு எழுப்பினார். 1963-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: கல்வி ஒரு தொழில் அல்ல. பல்கலைக்கழகத்தின் முக்கிய வேலை கற்பிப்பது, அதைச் செய்யும் ஆசிரியர்கள் தொழிலாளிகள் அல்ல, அதனால் அந்த இடமே தொழில் அல்ல என்று போகிறது வாதம். ஆசிரியர் தொழிலாளி இல்லை என்பதால் டிரைவருக்கும் சட்டம் கிடையாது! பாடம் நடத்தாத டிரைவர், பாடம் நடத்துபவரின் மரியாதைக்குப் பலியானார்.

1978 பிப்ரவரியில் இது தலைகீழானது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு. ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். முறையான செயல்பாடு, முதலாளி-ஊழியர் கூட்டுறவு, மக்கள் தேவைக்கான பொருளோ சேவையோ உண்டாக்குவது, இந்த மூன்றும் இருந்தால் அது தொழில். லாப நோக்கம் இருக்கிறதா என்பது பொருட்டல்ல. மருத்துவமனை, கல்வி நிலையம் எல்லாம் உள்ளே வந்தன. 1963 தீர்ப்பு போனது.

அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. 1982-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கல்வி நிலையங்களையும் மருத்துவமனைகளையும் 'தொழில்' வரையறையிலிருந்து வெளியே எடுத்தது. ஆனால் அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவர வேண்டிய அறிவிப்பை வெளியிடவே இல்லை. சட்டப் புத்தகத்தில் அச்சாகி அப்படியே கிடந்தது. ஆகவே பள்ளிக்கூடம் 'தொழில்' ஆகவே நீடித்தது. முதல் சாவி கிடைத்துவிட்டது.

சுந்தரம்பாள் வழக்கு

இரண்டாவது சாவி கோவாவில் தொலைந்தது.

கோவாவின் கரஞ்சலேமில் கன்னியாஸ்திரீகள் அமைப்பு ஒன்று நடத்திய பள்ளியின் ஆசிரியை ஒருவரை 1975-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். சட்டப் புத்தகங்களில் 'ஏ. சுந்தரம்பாள் எதிர் கோவா, டாமன், டையூ அரசு' என்று பதிவாகியிருக்கும் வழக்கு இது. அவர் சமரச அலுவலரிடம் போனார். சமரசம் முறிந்தது. அடுத்த கட்டமாக அரசு இதைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அரசு மறுத்தது. சொன்ன காரணம்: ஆசிரியை தொழிலாளி அல்ல. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 1988 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது.

தீர்ப்பின் தர்க்கம் இப்படிப் போகிறது. கல்வி தொழில்தான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் தொழிலில் வேலை செய்யும் எல்லோரும் தொழிலாளி ஆகிவிட மாட்டார்கள். சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: உடலுழைப்பு, திறன் சார்ந்தது, சாராதது, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை என்று. ஆசிரியர் செய்வது இதில் எதிலும் வராது. அது ஒரு உன்னதமான பணி. ஆசிரியர் குழந்தைகளை வளர்க்கிறார், அவர்கள் குணத்தை உருவாக்குகிறார், நல்ல குடிமக்கள் ஆக்குகிறார். பள்ளியில் கொஞ்சம் எழுத்து வேலையும் பார்ப்பார், அது பக்கவேலை. எனவே தொழிலாளி அல்ல.

1963-லும் 1988-லும் வார்த்தைகள் வேறு, முடிவு ஒரே திசை. 'அறப்பணி' என்று நாம் மேடையில் சொல்லும் அதே மரியாதை, நீதிமன்றத்துக்குள் வந்ததும் ஒரு தடையாக மாறுகிறது. புகழ்ந்தே வெளியே அனுப்புவது.

இது ஒரு வழக்கோடு நிற்கவில்லை. 1996-ல் ஹரியானாவின் அங்கீகாரம் இல்லாத பள்ளிகள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்கும் ஆசிரியர்கள் வர மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004-ல் அகமதாபாத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் பணிக்கொடைச் சட்டத்துக்கும் அதே கதி. எங்கெல்லாம் 'திறன் சார்ந்த, சாராத, எழுத்தர்...' என்ற அந்தப் பட்டியல் வந்ததோ, அங்கெல்லாம் ஆசிரியர் வெளியே நின்றார்.

பணிக்கொடையில் மட்டும் நாடாளுமன்றம் தலையிட்டது. 2009-ல் வரையறையையே மாற்றி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. 1997-ல் அரசு கொடுத்த உரிமை கைக்கு உறுதியாக வர 25 வருடம்.

இது நடைமுறையில் என்ன செய்கிறது?

'தொழிலாளி' என்ற ஒரு சொல்லால் கிடைப்பவை என்னென்ன என்று வரிசையாகப் பார்த்தால் புரியும்.

ஒரு வருடம் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும். தவறாக நீக்கினால் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லி தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட முடியும். இதெல்லாம் ஆசிரியருக்குக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற பள்ளி ஆசிரியருக்காவது 1973-ம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் சட்டம் மாதிரி வேறு பாதுகாப்பு வந்தது. மொழிப் பயிற்சி மையம் 'அங்கீகரிக்கப்பட்ட பள்ளி' அல்ல. அதன் ஆசிரியர் இரண்டுக்கும் நடுவில் விழுகிறார்.

அவருக்கு மிச்சம் சிவில் கோர்ட். அங்கே இன்னொரு பழைய கொள்கை காத்திருக்கிறது. தனிநபர் சேவைக்கான ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்ற வைக்க முடியாது. அதாவது "இவரை மறுபடி வேலையில் வை" என்று கோர்ட் சொல்லாது. நஷ்டஈடு மட்டும்தான். அதுவும் ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்தால், பெரும்பாலும் அந்த ஒரு மாதச் சம்பளத்தைச் சுற்றியே கணக்கு நிற்கும். 25,000 ரூபாய்க்கு யார் வக்கீல் வைத்து வருடக்கணக்கில் அலைவார்கள்? இதைத் தெரிந்துகொண்டுதான் சில நிர்வாகங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

கம்பெனி திவாலானால் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின் 53-வது பிரிவில் யாருக்கு முதலில் பணம் என்று ஒரு வரிசை உண்டு. நடைமுறைச் செலவுகள் போக, தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளோடு சமமாக நிற்கும். தொழிலாளி அல்லாத ஊழியரின் பாக்கி அதற்கு அடுத்த படியில், அதுவும் 12 மாதத்துக்கு மட்டும். அடுத்த படிக்கு வரும்போது சட்டியில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதை நம்ம சாலையில் நடந்தவற்றோடு வைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அங்கே சங்கம் இருந்தது, விருப்ப ஓய்வுத் தொகை என்று ஒன்றைப் பேசி வாங்க முடிந்தது. 2024 செப்டம்பர் 9-ம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள். அமைச்சர்கள் உட்கார்ந்து பேசினார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இதெல்லாம் சுலபமாகக் கிடைத்தவை அல்ல. ஆனால் நின்று சண்டை போட ஒரு களம் இருந்தது. நாலு ஆசிரியர் வேலை பார்க்கும் பயிற்சி மையத்துக்கு எந்த அமைச்சர் வரப்போகிறார்?

வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு முடிவு சொன்னது. கல்வி நிலையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, ஆனால் பயிற்சி மையங்களை அப்படிக் கல்வி நிலையமாகக் கருத முடியாது என்று. அதாவது பயிற்சி மையம் மோசம் செய்தால், மாணவர் நுகர்வோராக வழக்குப் போடலாம். அவரைப் பொறுத்தவரை அது ஒரு கடை. அதே கடையில் வேலை பார்க்கும் ஆசிரியரை 1988 தீர்ப்பு உன்னதப் பணி செய்பவர் என்று வெளியே நிறுத்தும். ஒரே இடம், வாசலில் கடை, வகுப்பறைக்குள் கோயில்.

கொரிய வேற்றுமை உருபும் குணநலனும்

1988 தீர்ப்பு தப்பு என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நீதிபதிகள் கையில் இருந்த பட்டியலில் 'கற்பித்தல்' என்ற சொல் இல்லை என்பது உண்மைதான். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் இதே பிரச்சினை வந்தது. அப்போது நாடாளுமன்றம் 1976-ல் அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. பத்திரிகையாளர்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. அவர்களுக்குச் செய்ததை ஆசிரியருக்குச் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

ஆனால் தீர்ப்பின் காரணத்தை அப்படியே மொழிப் பயிற்சி மையத்துக்குப் பொருத்த முடியுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தீர்ப்பு குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது, குணத்தைச் செதுக்குவதைப் பற்றிப் பேசுகிறது. 35 வயது தர ஆய்வு இன்ஜினியருக்கு, கொரிய மேலாளர் அனுப்பும் குறைபாட்டு அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பவர் யாருடைய குணத்தைச் செதுக்குகிறார்? அவர் செய்வது அளவிடக்கூடிய, மணிக்கணக்கில் விற்கப்படும், திறன் சார்ந்த வேலை. மாதிரி வாக்கியம் தயாரிக்கிறார், தேர்வுத்தாள் திருத்துகிறார், வருகைப் பதிவு போடுகிறார், சில சமயம் மீட்டிங்கில் மொழிபெயர்க்கிறார். மொழிபெயர்ப்பு மட்டும் பார்த்தால் 'தொழில்நுட்ப வேலை' என்று வாதிட இடம் உண்டு. வகுப்பும் எடுத்தால் அந்த இடம் சுருங்குகிறது. கூடுதலாக வேலை பார்த்ததற்குக் குறைவான உரிமை.

2025 நவம்பர் 21-ல் நாலு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 1947 சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. அதில் 'தொழிலாளி' வரையறையைத் தேடிப் படித்தேன். பத்திரிகையாளரும் விற்பனைப் பிரதிநிதியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆசிரியர் இல்லை. பட்டியல் ஏறக்குறைய அதே பழைய பட்டியல். 1988-ன் நிழல் புதுச் சட்டத்துக்குள்ளும் நீள்கிறது.

ஊதியச் சட்டத் தொகுப்பு கொஞ்சம் பரவாயில்லை. அது 'தொழிலாளி' என்பதைத் தாண்டி 'ஊழியர்' என்ற அகலமான சொல்லையும் பயன்படுத்துகிறது, மேலாளர் வரைக்கும் உள்ளே இழுக்கிறது. நீக்கப்பட்டாலோ, ராஜினாமா செய்தாலோ, நிறுவனமே மூடினாலோ இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும் என்கிறது. ஆனால் அங்கேயும் வேலைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதிலும் 'கற்பித்தல்' இல்லை. 2004-ல் பணிக்கொடைக்கு நடந்ததைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் கவலையோடுதான் அதைப் படிப்பார்கள். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும்.

வேலைக்குச் சேருமுன்

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ஜப்பானிய, கொரிய, ஜெர்மன் வகுப்பு எடுப்பவர்கள் சிலர் இருக்கலாம். சட்டம் மாறும்வரை கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மேலே சொன்ன கதைகளிலிருந்து எடுத்த சில விஷயங்கள்:

பிஎஃப் கேளுங்கள். 1982-லிருந்தே கல்வி, பயிற்சி நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. இருபது பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம் என்றால் அது உங்கள் உரிமை. நிர்வாகம் தடுமாறுவதற்கு முதல் அறிகுறியும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். உங்கள் கணக்கில் மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று நீங்களே ஆன்லைனில் பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்தது கணக்கில் ஏறவில்லை என்றால், நோவாவின் வாடகைக் கதைதான் அது.

நோட்டீஸ் காலம் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். "ஆசிரியர் மூன்று மாதம், நிர்வாகம் ஏழு நாள்" என்று எழுதும் ஒப்பந்தங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சிவில் கோர்ட்டில் கடைசியில் கணக்குப் பார்க்கப் போவது அந்த எண்ணைத்தான்.

உங்கள் வேலையை ஒப்பந்தத்தில் முழுசாக எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, ஆவணம் தயாரித்தல், தேர்வு நிர்வாகம் இருந்தால் அதுவும் எழுத்தில் வரட்டும். நாளைக்கு 'நான் தொழிலாளி' என்று நீங்கள் வாதிட வேண்டி வந்தால் அந்த வரிகள் உதவலாம்.

தங்குமிடம் நிர்வாகமே கொடுத்தால், வாடகை ரசீது யார் பெயரில் போகிறது என்று கேட்டு வையுங்கள். முன்பணம் கட்டும் மாணவர்களுக்கும் இதே மாதிரி ஒரு வார்த்தை. தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பாதியில் நின்றால் எந்த விலையில் கழிப்பார்கள் என்று கேளுங்கள்.

1988 தீர்ப்பு வந்தபோது இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட்டும் இல்லை, ஹூண்டாயும் இல்லை. கொரிய மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் ஒரு ஆசிரியரை யாரும் கற்பனை செய்திருக்கவும் மாட்டார்கள். இப்போது அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். சுந்தரம்பாள் வழக்கின் தர்க்கம் பயிற்சி மைய ஆசிரியருக்கும் பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் உயர் நீதிமன்றப் படி ஏறி, அது கடைசிவரை போனால் நல்லது. அப்படிப்பட்ட வழக்கு உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் படித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.